பயிற்சிக்கு வந்த பிள்ளைகளும் நம் கணக்குப்பிள்ளையும்

நம் பஜாருக்கு இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். பி.காம். படிப்பவர்கள், கல்லூரிக் கடிதத்தோடு பதினைந்து நாள், ஒரு மாதம் என்று வந்து நிற்கிறார்கள். பல கல்லூரிகளில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு. நாமும் "வரட்டுமே" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அத்தோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நானும் நினைத்திருந்தேன். சென்ற கோடையில் என் மண்டியில் நடந்ததைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

வந்தவர்கள் ஒரு மாணவனும் ஒரு மாணவியும். "கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு நான் வசூலுக்குப் புறப்பட்டுவிட்டேன். இவர்கள் யார், எத்தனை நாள் இருப்பார்கள், என்ன கற்றுத்தர வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் 34 வருடமாக நம் கடையில் இருப்பவர். பர்மா உளுந்தை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே எஃப்.ஏ.க்யூ. ரகமா, எஸ்.க்யூ. ரகமா என்று சொல்லிவிடுவார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது. அவர் தொழில் பழகிய காலத்தில் கேள்வி கேட்ட பையனுக்குக் காதைத் திருகித்தான் பதில் சொல்வார்கள்.

இரண்டாம் நாளே தகராறு. ஒரு சில்லறைக் கடைக்காரர் பாக்கியில் 5,000 ரூபாய் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். நம் கடையில் கம்ப்யூட்டர் இருந்தாலும் நாள்வழி கையால்தான் எழுதுகிறோம். அதில் இடப்பக்கம் வரவு. கணக்குப்பிள்ளை, "வரவு எழுதும்மா" என்றிருக்கிறார். அந்தப் பெண், "சார், ரொக்கம் உள்ளே வந்தால் பற்று அல்லவா? இடப்பக்கம் பற்றுதானே?" என்று கேட்டிருக்கிறது. "காசு கைக்கு வந்தால் வரவு. இதுகூடத் தெரியாமல் என்னத்தைப் படித்தாய்?" என்று ஆட்கள் முன்னால் சத்தம் போட்டுவிட்டார்.

உண்மையில் இருவர் சொன்னதும் சரி. ரொக்கக் கணக்கில் பணம் வந்தால் பற்று, பணம் கொடுத்தவர் கணக்கில் வரவு என்பது கல்லூரிப் பாடம். நாம் நாள்வழியில் எழுதுவது கொடுத்தவர் பேருக்கான வரவு. எந்த முறையில் எழுதினாலும் அந்தக் கடைக்காரர் பேரேட்டில் 5,000 வரவுதான் ஏறும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் விளங்கியிருக்கும். உட்கார்த்தி வைத்துப் பேச நான் கடையில் இல்லை. நாலாம் நாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். கணக்கில் புத்தியுள்ள பெண். இருந்திருந்தால் நமக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்கும்.

பையன் விவகாரம் வேறு மாதிரி. அரிசிச் சிப்பம் ஏன் 26 கிலோவாக வருகிறது என்று கேட்டிருக்கிறான். "வந்த வேலையைப் பார்" என்று பதில் வந்திருக்கிறது. அவன் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டதைப் பார்த்து, யாரோ வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று கணக்குப்பிள்ளைக்குச் சந்தேகம். 2022 ஜூலை 18 முதல், சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கு இல்லை. அதனால்தான் ஆலைகள் 26 கிலோ கட்டுகின்றன. ஊரறிந்த விஷயம், சட்டப்படி நடப்பது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் பையன் தன் அறிக்கையில், "கேட்டபோது பதில் கூற மறுத்தனர்" என்று எழுதி வைத்திருந்தான். அது அப்படியே கல்லூரிக்குப் போயிருந்தால் நம் கடையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நல்ல வேளையாகக் கையெழுத்து வாங்க என்னிடம் வந்தான், விளக்கிச் சொன்னேன்.

அன்று இரவு கடை அடைக்கும்போது கணக்குப்பிள்ளை, "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னை நிறுத்துவதாக இருந்தால் நேராகவே சொல்லிவிடுங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த மனுஷர் நாலு நாளாகச் சோறு இறங்காமல் இருந்திருக்கிறார். நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான் அவரை அப்படிப் பேச வைத்திருக்கிறது.

"நாம் என்ன பள்ளிக்கூடமா நடத்துகிறோம்?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். அப்படியானால் கையெழுத்துப் போடாமல் இருக்கலாமே! கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று குறைபடுவதும் நாம்தான், தேடி வந்த பிள்ளையை நாலு நாளில் விரட்டுவதும் நாம்தான்.

என் யோசனை பெரிதல்ல. கற்றுத்தரப் போகிறவரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லி, அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த மாதம் அவர் சம்பளத்தோடு ஏதாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும், இரட்டை வேலை அல்லவா? தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் யாரையும் சேர்க்கக் கூடாது. லோடு இறங்கும் காலை வேளையில் கேள்வி கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பஜார் ஓய்ந்திருக்கும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பிள்ளைகளிடமும் ஒன்று சொல்லிவிட வேண்டும்: வாடிக்கையாளர் எதிரில் விலையையும் பாக்கியையும் பற்றிக் கேட்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் அச்சிட்டு நம் சங்கமே கடைகளுக்குக் கொடுத்தால் நல்லது.

இந்த வருடக் கடிதம் வந்துவிட்டது. கையெழுத்துப் போடுமுன் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "அந்தப் பற்று வரவு விஷயத்தை எனக்கு இன்னொரு தரம் சொல்லுங்கள் அண்ணாச்சி" என்றார்.