சொன்ன பேச்சு கேட்காத மணி

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்பவர்கள் வாசுதேவநல்லூர் பக்கம் வரவும். பெரியப்பா வீட்டில் ஏழு வயது மணி ஜோராக வளைந்துகொண்டிருக்கிறது!

மணி, அசல் ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த ஜாதி. வளர்த்தவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது தோப்பில் விட்டுப் போய்விட்டார்கள். 'சொன்ன பேச்சு கேட்காத சனியன்' என்று நற்சான்றிதழ் வேறு. முதுகில் பிரம்புத் தழும்பு.

பெரியப்பாவும் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினார். ம்ஹூம்! நாலாம் நாள் பெரியம்மா அதன் பின்னால் தாம்பாளத்தைத் தவறவிட்டாள். கூரைக் காகம் பறந்தது, மணி திரும்பவில்லை.

''இது திமிரு இல்லீங்க. காதே கேக்கல!''

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. நிறமிக் குறைவு உள்காதையும் பாதித்துவிடுகிறது.

இப்போது எல்லாம் சைகைதான். உள்ளங்கையைக் காட்டினால் உட்கார். கையை மார்புக்கு இழுத்தால் வா. சரியாகச் செய்தால் உடனே அவித்த முட்டையில் ஒரு துண்டு. கூப்பிட வேண்டுமானால் தரையை உதைக்க வேண்டும், அதிர்வில் திரும்பும். தூங்கும்போது மட்டும் திடீரென்று தொடக் கூடாது, பதறிக் கடித்துவிடும்.

உங்கள் வீட்டிலும் யாராவது சொன்ன பேச்சு கேட்கவில்லையா? பிரம்பை எடுக்குமுன் ஒரு தாம்பாளத்தைப் போட்டுப் பாருங்கள்!