உரிமம் இருந்தால்தான் நிவாரணமா?

கொரோனாவில் நொடிந்த சுற்றுலாத் துறைக்கென்று 2021 ஜூன் 28 அன்று ஒன்றிய அரசு கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்தது. அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் வரை. நாடு முழுவதும் கணக்கில் வந்த வழிகாட்டிகள் 10,700 பேர்.

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வருகிறவர்களுக்கு அன்னாசி நறுக்கித் தரும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணிடம் என்ன உரிமம் இருக்கும்? விடுதிகளில் கழிப்பறை கழுவுகிறவர்களிடம்? (அவர்கள் யார் என்று அறிய சாதிச் சான்றிதழைப் பார்க்கத் தேவையில்லை.)

தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் என்று 2020-இல் வந்த ஸ்வநிதி, நகரங்களுக்கானது. மலை ஊராட்சிகளுக்கு இல்லை. அவசரக் கடன் உத்தரவாதத் திட்டமோ, தொடங்கியபோது, 2020 பிப்ரவரி 29 அன்று ஏற்கெனவே கடன் நிலுவை வைத்திருந்தவர்களுக்கு என்றிருந்தது. வங்கி கடனே கொடுக்காதவர்களுக்கு நிலுவை எங்கிருந்து வரும்? 2022 பட்ஜெட்டில் விருந்தோம்பல் துறைக்காக அதே திட்டத்தில் 50,000 கோடி கூட்டினார்கள். விடுதி முதலாளிகளும் நொடிந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடனை வாங்கிய விடுதி, ஊரடங்கில் நிறுத்திய தொழிலாளிக்கு ஒரு மாதக் கூலியாவது தர வேண்டும் என்று நிபந்தனை இருக்கவில்லை.

நாங்கள் கேட்பது கடன் அல்ல, மூடிக்கிடந்த மாதங்களுக்கு இழப்பீடு. ஊராட்சியும் மகளிர் சுயஉதவிக் குழுவும் சாட்சி சொன்னால் போதும் என்று ஆணை போடுங்கள். ஆகாய கங்கைக்கு இறங்கும் வழியில் யார் எங்கே கடை விரிப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதிகாரிகளுக்குத் தெரியாவிட்டால், செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்கட்டும்.