சான்றின் மறு பாதி

தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் மாதிரி குற்ற வழக்கில் சான்றாக நிற்குமா என்பது, அதை எடுத்த நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதற்கான முறையை வகுக்கிறது. மாதிரி எடுக்கும் இடத்திலேயே ஆலையின் பொறுப்பாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரு கலங்களுக்கும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அவர் கேட்டால் மறு பாதி வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். முறை தவறினால், பகுப்பாய்வு முடிவு எந்தச் சட்ட நடவடிக்கையிலும் ஏற்கத்தக்கதல்ல.

சட்டமே தடுக்கும் இத்தகைய சான்றை மேல்முறையீட்டிலும் எதிர்க்கலாம். சான்று செல்லும், நிரூபித்த முறைதான் தவறு என்றால் நிலைமை வேறு. ஆவணம் குறியீடு செய்யப்படும்போதே ஆட்சேபம் பதிவாகியிருக்க வேண்டும். செல்பேசி அழைப்பு விவரங்களுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் இல்லை என்ற குறையை உச்ச நீதிமன்றம் 2017-இல் சோனு வழக்கில் இந்த இரண்டாம் வகையில் வைத்தது; மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப அனுமதிக்கவில்லை. வேலூர், ஆம்பூர் நீதிமன்றங்களில் சான்றாவணங்கள் வரிசையாகக் குறியீடாகும் பரபரப்பில் பேசாமல் இருந்துவிடும் வழக்கறிஞர், கட்சிக்காரரின் மேல்முறையீட்டில் பாதியை அங்கேயே இழக்கிறார்.

இவ்விரு வகையிலும் அடங்காதது ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளனின் வழக்கு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தடுத்தது. தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, கண்காணிப்பாளர் நிலை அதிகாரி பதிவு செய்திருந்தால் அதை ஏற்றது. பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

தடா சட்டப்படி மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1999 மே 11 அன்று வந்த தீர்ப்பில் தடா குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை. அப்படியானால் தடாவின் கீழ் பெற்ற வாக்குமூலம் என்ன ஆகும்? உடன் விசாரிக்கப்பட்ட இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்களுக்கு அது செல்லும் என்றது நீதிமன்றம். ஒருவரின் வாக்குமூலம் உடன் குற்றவாளிக்கு எதிராக அடிப்படைச் சான்றாகுமா என்பதில் அமர்வு பிளவுபட்டது: ஆகும் என்றனர் நீதிபதிகள் வாத்வா, குவாத்ரி, ஆகாது என்றார் நீதிபதி தாமஸ். பெரும்பான்மைக் கருத்தைவிடத் தாமஸின் கருத்தே சாட்சியச் சட்டத்தின் மரபுக்கு நெருக்கமானது. பத்தொன்பது பேர் விடுதலையாயினர். மரண தண்டனை உறுதியான நால்வரில் பேரறிவாளனும் ஒருவர். 1999 அக்டோபரில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. தூக்கு, வேலூர் மத்திய சிறையில் 2011 செப்டம்பர் 9 என நாள் குறிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தால் நின்றது.

பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகப் பேசினார்: தான் வாங்கித் தந்த ஒன்பது வோல்ட் பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன வாக்கியத்தைத் தாம் எழுதவில்லை. பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் அதைத் தாக்கல் செய்தார். கழிவுநீருக்கு முத்திரையிட்ட மறு பாதி உண்டு. அந்த வாக்குமூலத்துக்கு இல்லை.

மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் பெற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391-ஆம் பிரிவு இருந்தது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 432. பெஸ்ட் பேக்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் இந்த அதிகாரத்தின் நோக்கத்தை விரிவாக விளக்கியது. ஆனால் மேல்முறையீடு நிலுவையில் உள்ளவரைதான் இந்தக் கதவு திறந்திருக்கும். தியாகராஜன் பேசியபோது அது மூடிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொரப்பாடியில் உள்ள அதே வேலூர் சிறையிலிருந்து சிறை அலுவலர் வழியாக வரும் மேல்முறையீடுகளை ஏற்று நடத்தும் சட்ட உதவி வழக்கறிஞர்கள், வாக்குமூலம் எழுதிய அதிகாரியின் குறுக்கு விசாரணையை முதலில் படிக்கட்டும். எதைக் கேட்டு எழுதினார் என்பதோடு எதைக் கேட்டும் எழுதாமல் விட்டார் என்று வினவப்பட்டதா எனப் பார்த்து, இல்லையென்றால் 432-இன் கீழ் மனுவை இறுதி வாதத்துக்கு முன்பே தாக்கல் செய்ய வேண்டும்.

பேரறிவாளன் 2022 மே 18 அன்று அரசமைப்பின் 142-ஆவது உறுப்பின் கீழ் விடுதலையானார். அந்த ஆணை குற்றத்தீர்ப்பை ரத்து செய்யவில்லை.