ஏறி மிதித்தால் போல்ட் கழலாது

வீட்டிலேயே கார் வேலை பார்ப்பவர்களுக்குச் சென்ற இதழில் ஒருவர் அறிவுரை எழுதியிருக்கிறார். போல்ட் அசையவில்லையென்றால் ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஏறி மிதிக்க வேண்டுமாம். தலை தேய்ந்துவிட்டால் உளி, முறிந்துவிட்டால் எக்ஸ்ட்ராக்டர். எண்ணெய் விட்டுக் காத்திருப்பதும் சூடு காட்டுவதும் பயந்தாங்கொள்ளிகளின் வேலையாம். இவ்வளவுக்கும் அவர் தரும் ஒரே ஆதாரம், தன் காரின் சக்கர நட்டுகளைப் பல வருடங்களாக இப்படித்தான் கழற்றி வருகிறார் என்பது.

அந்த ஆதாரமே அவர் வாதத்தைக் கவிழ்த்துவிடுகிறது. பல கார்களில் சக்கர நட் 12 மி.மீ. ஸ்டட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதை இறுக்குவதே சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில்தான். பைப்பை அது தாங்கும். ஸ்டட் முறிந்தாலும் ஹப்பிலிருந்து தட்டி எடுத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இவர் வாசகனைப் பைப்போடு அனுப்புவது பிரேக் காலிப்பருக்கு. பல சிறிய கார்களில் அங்கே இருப்பது 8 மி.மீ. போல்ட், இறுக்கம் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டி. ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் பத்து கிலோ பாரம் விழுந்தாலே கிட்டத்தட்ட 100 வந்துவிடும். ஓர் ஆள் ஏறி மிதித்தால் அந்த போல்ட் கழுத்தோடு முறிந்து, மரைப் பகுதி உள்ளேயே தங்கிவிடும். இந்தக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் பிரேக்கைப் பற்றி எழுத ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

போல்ட் ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி இல்லை. இரும்பு துருவாகும்போது பருக்கிறது. அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிறது. மரைகளுக்கு நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் அது கெட்டித்துப்போகிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதைச் சீக்கிரமே செய்து முடித்துவிடும். ஆக, முதலில் உடைய வேண்டியது துரு. பைப் முறுக்குவதோ போல்ட்டை.

துருவை உடைக்கும் வழி பட்டறையில் வேலை பழகும் பையனுக்கே தெரியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரை வெளியே தெரியும் இடத்தில் துருவுக்குள் இறங்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள் போல்ட்டின் தலைமேல் சுத்தியலால் நேராக நாலு தட்டு. அதிர்வில் துரு விரிசல்விட, எண்ணெய்க்கு இறங்க வழி கிடைக்கும். அப்புறம் ஆறு பட்டை சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளை மட்டுமே பிடிக்கும், தலையை வழித்துவிடும். முதலில் இறுக்கும் பக்கம் துளி, பிறகு கழற்றும் பக்கம். 'டக்'கென்று கால் சுற்று வந்ததும் ஒரேயடியாகச் சுழற்றக் கூடாது. கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே, நடுநடுவே எண்ணெய். செங்காவி நிறத்தில் பொடி கசிந்து மரையோரம் வழியும்; கைப்பிடியில் விறைப்பு தளர்வது உள்ளங்கைக்கே தெரியும்.

எண்ணெய் விட்டும் பலனில்லை என்கிறார். அவர் அடித்தது டபிள்யூடி-40, காத்திருந்தது ஐந்து நிமிடம். 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவான திரவம் அது. கெட்டித்த துருவுக்குள் இறங்கவென்றே தனி எண்ணெய்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றுக்கும் நேரம் கொடுத்தாக வேண்டும்.

சூடு வேண்டாம் என்பதும் தவறு. அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அலுமினியக் கூட்டில் சிக்கிய எஃகு போல்ட்டுக்குச் சூட்டைவிட நல்ல மருந்து கிடையாது. காலிப்பரில் தீயைக் காட்டக் கூடாதுதான். அங்கே ரப்பர் உறையும் பிரேக் ஆயிலும் இருக்கின்றன. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு கிளம்பும். சூட்டைக் கேலி செய்த நேரத்தில் இந்த எச்சரிக்கையை எழுதியிருந்தால் யாருக்காவது உதவியிருக்கும்.

எக்ஸ்ட்ராக்டரை அவர் கடைசிப் புகலிடமாகக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். முழு போல்ட்டுக்கே மசியாத துருவை, அதன் நடுவில் போட்ட ஓட்டைக்குள் நுழையும் மெல்லிய கம்பியா அசைக்கும்? அது கடினமாக்கிய எஃகு, வளையாது, பட்டென்று உள்ளேயே ஒடியும். ஒடிந்ததைச் சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது. முறிந்த துண்டு கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வெல்டிங் பட்டறையில் அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து ஸ்பேனர் போடுவதே சரி. பிடியும் கிடைக்கும், வெல்டிங் சூட்டில் துருவும் இளகும்.

சக்கர நட்டைப் பற்றி அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதன்முதலாக பிரேக் பேட் மாற்ற உட்காரும் ஒருவர் கையில் அந்தக் கட்டுரை இருக்கக்கூடும். காலிப்பர் பற்றிய பத்தியைக் கட்டுரையாளர் அடுத்த இதழிலேயே, தன் பெயரிட்டு, திரும்பப் பெற வேண்டும்.