தவற்றைச் சொல்பவரின் பெயர்

நேற்று வெள்ளையாக இருந்த மாத்திரை இன்று மஞ்சளாக இருப்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். கட்டிலருகே இரவெல்லாம் அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோதான். ஆயினும் அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார், பிறகு நோயாளியைச் சரியாகக் கவனிக்கமாட்டார் என்று அஞ்சுகின்றனர். (நிறம் மாறுவதற்கு மருந்து நிறுவனம் மாறியதே காரணமாகவும் இருக்கலாம், ஆகவே கேட்பது குற்றம் சாட்டுவதாகாது.) மாற்றுமருந்தைக் கொடுக்கவிருந்து கடைசி நொடியில் கவனித்து நிறுத்திய செவிலியரும் அதை எவரிடமும் கூறுவதில்லை. மெமோ வரும் என்பது அவருடைய அச்சம். இரு தரப்பும் வாய் மூடியிருந்தால், அடுத்த வார்டில் அதே தவறு இன்னொருவருக்கு நேரக்கூடும்.

இத்தகைய மௌனத்திற்கு விமானத்துறை பெரும் விலை கொடுத்திருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தனர். எவ்வளவு தாழ்வாக இறங்கலாம் என்பதை விமானிகளும் தரைக்கட்டுப்பாட்டினரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தனர். ஆறு வாரங்களுக்கு முன்புதான் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே குழப்பத்தால் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அச்செய்தி எட்டவில்லை.

இதன் பின் 1975இல் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறை, தவறுகளைத் தெரிவிப்போருக்குத் தண்டனை விலக்கு அளிப்பதாக அறிவித்தது. ஆனால் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உடையவரிடமே சென்று தம் தவற்றை யார் சொல்வார்? எனவே 1976இல் அப்பொறுப்பு நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விமானியை எவ்வகையிலும் தண்டிக்க நாசாவால் இயலாது. அறிக்கையில் பெயர் எழுதிய பகுதியைக் கிழித்து, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். செய்தி மட்டும் தங்கும். விமானிகள், பணிப்பெண்கள், பழுதுபார்ப்போர் என்று பலரும் எழுதி, இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் சேர்ந்துள்ளன. விபத்துகளுக்கும் குற்றச்செயல்களுக்கும் இப்பாதுகாப்பு கிடையாது. அந்த வரம்பு நியாயமானதே. இந்தியாவிலும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தன்னார்வ அறிக்கை முறையை நடத்துகிறது.

ஆலங்காயத்திலிருந்து ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஷூ கம்பெனி வேலைக்குச் சென்று வருவோருக்கு இது அந்நியமான செய்தி அன்று. எந்த இயந்திரத்தின் காப்பு மூடி கழன்றிருக்கிறது என்பதை அதில் நிற்பவரே அறிவார். சொன்னால் வேலை நிலைக்குமா என்பதையும் அவரே எண்ணிப் பார்க்கிறார்.

மருத்துவமனைகளில் புகார்ப்பெட்டி உண்டு. நிர்வாக அறையின் வாசலிலேயே தொங்கும் பெட்டியில் யார் சீட்டுப் போடுவார் என்பது எங்கள் ஐயம். மெமோ எழுதவோ சிகிச்சையை மாற்றவோ அதிகாரமில்லாத ஒருவர் அதைத் திறக்க வேண்டும். பெயரை நீக்கிய பின்னரே செய்தி நிர்வாகத்துக்குச் செல்ல வேண்டும். 'எல்லாம் வழக்கில் முடியும்' என்று எங்கள் தொழில் நண்பர்கள் சிலர் எதிர்க்கிறார்கள். தெரிந்தே செய்த தீங்கையும் குடித்துவிட்டுப் பணிக்கு வருவதையும் மறைக்க இம்முறை உதவக்கூடாது என்பதில் எங்களுக்கும் மாறுபாடில்லை. ஆனால் நாங்கள் பேசுவது, ஒன்றுபோல் தோன்றும் இரு மருந்து அட்டைகள் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருப்பது போன்றவற்றைப் பற்றி. அதற்குச் செவிலியரைத் தண்டித்துப் பயனில்லை. தட்டை மாற்ற வேண்டும்.

மருந்துகளின் பக்கவிளைவைப் பொறுத்தவரை, நீங்களே தெரிவிக்கும் வழி இப்போதே உண்டு. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உள்ளது. தெரிவிப்பவரின் அடையாளம் இரகசியமாக வைக்கப்படும். மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் வேண்டியிருக்கும். ஆகவே காலி மாத்திரை அட்டையை எறிந்துவிடாமல் மருந்துச் சீட்டுடன் சேர்த்து வைத்திருங்கள்.