பென்ஸ் துருப்பிடித்த கதை



உங்களில் பலர் இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் கம்பெனிகளில், உதிரிபாகக் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். வருடா வருடம் விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லும் பர்ச்சேஸ் பிரிவில் சிலர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கார் வாங்கப்போகும் உறவினர்களும் படிக்கலாம்.

என் வயதுக்காரர்களுக்கு பென்ஸ் என்றால் முதலில் லாரிதான். 1954-ல் டாடாவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கினார்கள். முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். "பென்ஸ் லாரியா? அப்போ பாரம் ஏத்து" என்று சொல்கிற அளவுக்கு அந்தப் பெயர்மேல் நம்பிக்கை. கார்களும் அப்படித்தான் இருந்தன. கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் ஒருவரின் 1976-ம் வருட 240டி கார் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. எஞ்சினைப் பலமுறை மாற்றினார் என்பது உண்மை. ஆனால் பாடி அதேதான். 2004-ல் கம்பெனியே அதை வாங்கித் தன் அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டது. மொராக்கோவில் ஊர்விட்டு ஊர் போகும் டாக்ஸி பல பத்தாண்டுகளுக்குப் பழைய பென்ஸ்தான்.

1989-ல் டொயோட்டா லெக்ஸஸ் என்ற பெயரில் ஒரு பெரிய காரை அமெரிக்காவில் இறக்கியது. ஓசையே இல்லாத கார். பென்ஸைவிட விலை மிகக் குறைவு. ஸ்டுட்கார்ட்டில் கலக்கம். அதுவரை அங்கே காரை நினைத்தபடி செய்துவிட்டுப் பிறகு விலை போடுவார்கள். இனி விலையை முதலில் முடிவு செய், அதற்குள் காரைச் செய் என்று மாறினார்கள். இதில் தவறில்லை. நம் வீட்டுச் சமையலே அப்படித்தான் நடக்கிறது.

ஆனால் 1995-ல் வந்த ஈ-கிளாஸ் (டபிள்யூ210) துருப்பிடித்தது. கதவு ஓரத்தில் பிடித்தது கண்ணுக்காவது தெரிந்தது. மோசமானது முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உட்புறம் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் பிடித்த துரு. அந்தத் தகட்டைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து, மேலே சீலண்ட் பூசியிருந்தார்கள். சீலண்டுக்கு அடியில் நீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. அந்த ஊர்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு வேறு போடுவார்கள். மூன்று சோதனைக் குழாயில் ஆணி போட்டுப் பார்த்தோமே, அந்தப் பாடம்தான். ஒன்று மட்டும் கூடுதல்: காற்று குறைவாகப் போகும் இடுக்கில்தான் இரும்பு முதலில் கரையும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே தகடு அரித்து, ஒருநாள் ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கவனியுங்கள், இது முதல் வருடத்தில் நடப்பதில்லை. காரின் முதல் வாரண்டி முடிந்து வெகு காலம் கழித்து நடக்கும். அதற்குள் பூச்சில் மிச்சம் பிடித்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும். மிச்சமான பணம் அந்த வருடக் கணக்கில் ஏறிவிட்டது. பத்தாவது வருடம் மனம் கசந்து வேறு கம்பெனிக்குப் போனவருடைய பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அவர் புகார்கூட எழுதமாட்டார். அடுத்த கார் வாங்கும்போது அந்த ஷோரூம் பக்கம் போகமாட்டார், அவ்வளவுதான். அவர் மகனும் போகமாட்டான். அடி அதோடு நிற்கவில்லை. பிரேக், மின்சாரக் கோளாறுகள் என்று 2005 மார்ச்சில் 13 லட்சம் கார்களை அந்தக் கம்பெனி திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

"அப்படியானால் செலவைக் குறைக்கவே கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். உலகத்திலேயே சிக்கனத்துக்குப் பெயர்போன கார் கம்பெனி டொயோட்டாதான். அவர்கள் குறைப்பது தொழிற்சாலைக்குள் தேங்கும் சரக்கையும், வீணாகும் நடையையும், திரும்பச் செய்யும் வேலையையும். சீலண்டுக்கு அடியில் கைவைப்பது வேறு வகை. வாங்குபவர் பார்க்கமுடியாத இடம் என்பதாலேயே அங்கே கைவைக்கத் தோன்றுகிறது. முதலாவது சிக்கனம். இரண்டாவதற்கு, என் கணக்கில், கைமாற்று என்றுதான் பெயர். வாங்கியது யாரிடம் என்பதைச் சொல்லாத கைமாற்று.

லெக்ஸஸ் வந்த சில மாதங்களிலேயே பிரேக் விளக்கிலும் வேகக் கட்டுப்பாட்டிலும் குறை தெரிந்தது. சுமார் 8,000 கார்கள். கம்பெனி ஆட்கள் வீடு தேடிப் போய் எடுத்து வந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. அந்தப் பெட்ரோல் செலவை யாரோ ஒருவர் கையெழுத்திட்டு அனுமதித்திருப்பார். அவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

கார் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் விலை குறைத்த பாகம் எட்டாவது வருடத்தில் என்ன நிலையில் இருக்கிறது என்று உங்கள் கம்பெனியில் யாராவது போய்ப் பார்க்கிறார்களா? பார்ப்பதுண்டு என்றால் எப்படி என்று கீழே எழுதுங்கள், கம்பெனி பெயர் வேண்டாம்.