கண் டாக்டரிடம் முழங்கையைக் காட்டுங்கள்

ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். சிவப்பாக இருக்கிறதா, வெளுத்துப் போயிருக்கிறதா? இன்னொரு கை முதுகுத் தோலைத் தடவும். சொறி, சிரங்கு, முடி கொட்டிய இடம் ஏதாவது உண்டா? கண்ணும் தோலும் ஒரே ஆட்டுடையது என்பது அவருக்குத் தெரியும். மனுஷன் விஷயத்தில்தான் கண்ணுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், இரண்டு பேரிடமும் தனித்தனி ஃபைல்!

எனக்குத் தெரிந்த ஆசாமி ஒருவர். ஊர் ஒடுகத்தூர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவு. வயது இருபத்தெட்டு. வருஷம் 365 நாளும் முழுக்கைச் சட்டை. ஆபீஸில் 'ஜென்டில்மேன்' என்று பெயர். ஆம்பூரின் மே மாத வெயிலில் முழுக்கை போடுகிறவன் ஒன்று புது மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறவனாக இருக்க வேண்டும். இவர் இரண்டாவது ரகம். இரண்டு முழங்கையிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும் தடிப்பு. சோரியாசிஸ்.

ஒரு திங்கட்கிழமை வலது கண் சிவந்தது. "இன்னா நைனா, மெட்ராஸ் ஐயா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து சீட்காரர் நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டுக்கொண்டார். நம்மவர் மெடிக்கல் ஷாப்பில் கண்ணைக் காட்டி ஒரு சொட்டு மருந்து வாங்கினார். இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடியும். மறுபடியும் அதே சொட்டு. மூன்றாம் தடவை லெட்ஜரில் 3-ம் 8-ம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தன. கணக்குப் பிரிவில் இது சின்ன விஷயமா?

ஒரு வழியாகக் கண் டாக்டரிடம் போனார்.

"உடம்புல வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

டாக்டர் கண்ணை விட்டுவிட்டு அவர் கை நகங்களைப் பார்த்தார். ஊசியால் குத்திய மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள். "சட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளுங்க... காலையில எழுந்ததும் விரலை மடக்க வருதா?"

வரவில்லை. கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி வந்த வலி என்று நினைத்திருந்தாராம்.

சோரியாசிஸ் தோலோடு நிற்கிற வியாதி இல்லை. உடம்பின் காவல்படை ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிற கதை அது. தோலை அடிக்கும், சிலருக்கு மூட்டை அடிக்கும், கொஞ்சம் பேருக்குக் கண்ணின் உள்பக்கத்தையும் அடிக்கும். மூட்டுவலியும் சேர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கண்பாவையைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறதே, அது அழற்சியில் வீங்குவதற்கு ஐரைட்டிஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் அந்த வட்டம் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணின் அழுத்தம் ஏறலாம், பார்வையே போகலாம்.

மெட்ராஸ் ஐக்கும் இதற்கும் வித்தியாசம் ரொம்பக் கஷ்டமில்லை. மெட்ராஸ் ஐயில் உறுத்தும், தண்ணீர் கொட்டும், காலையில் பூளை தள்ளி இமை ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இன்னும் நாலு பேருக்கு வரும். ஐரைட்டிஸில் பெரும்பாலும் பூளை இருக்காது. கண்ணுக்குள் வலி, டியூப் லைட்டைப் பார்த்தாலே கூச்சம், பார்வையில் மங்கல். பூளை இல்லாத சிவப்புக் கண் என்றால் அன்றைக்கே டாக்டர், அவ்வளவுதான்.

சரி, கேட்ட டாக்டரிடம் ஏன் மறைத்தார்? பயம். தோலில் தடிப்பு என்றாலே தொழுநோய் என்று ஊர் பேசும், பெண் கிடைக்காது! இரண்டும் வேறு வேறு. சோரியாசிஸ் ஒட்டாது. தடிப்பில் உணர்ச்சி இருக்கும். தொழுநோயின் தேமலில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும். அதற்கும் 1980-களில் வந்த கூட்டு மருந்து இருக்கிறது, முழுசாகக் குணமாகும்.

ஆனால் தோலில் தெரிகிற நோய் கண்ணைக் கெடுக்கும் என்ற பாடத்தில் தொழுநோய்தான் நம்ம பக்கத்துக்குப் பெரிய வாத்தியார். வேலூர் சி.எம்.சி.யிலும், 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் இதற்காக உழைத்தவர் டாக்டர் மார்கரெட் பிராண்ட். 1947-ல் இந்தியா வந்தவர். கண் வைத்தியத்தில் தனிப் படிப்பு இல்லாமலே வேலையில் இறங்கி, தொழுநோயாளிகளின் கண்களுக்கு உலகமே கேட்டுக்கொள்ளும் நிபுணரானார். இந்த நோயில் முக நரம்பு செத்தால் இமை மூடாது. கருவிழியின் உணர்ச்சியும் போய்விட்டால் தூசி விழுந்தால்கூடத் தெரியாது. சிமிட்டாத கண் காய்ந்து புண்ணாகிவிடும். கணவர் பால் பிராண்டும் மற்ற சர்ஜன்களும் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள்: மெல்லுவதற்கு உதவும் நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு கீற்றை எடுத்து இமையோடு தைத்துவிடுவது. அப்புறம் பல்லைக் கடித்தால் இமை மூடும். சாப்பிட உட்கார்ந்தால் தானாகக் கண்ணடிக்கும்! விவரம் தெரியாமல் எதிர் இலையில் இருக்கும் பெண்மணி என்ன நினைப்பாரோ, தெரியாது. பார்வை பிழைத்ததே, அது போதாதா?

நம்ம ஆசாமிக்கும் பார்வை பிழைத்தது. சொட்டு மருந்து பல வாரம் ஓடியது. வேடிக்கை என்னவென்றால், கொடுத்ததில் ஒன்று ஸ்டீராய்டு. கடையில் அவர் வாங்கியதும் ஸ்டீராய்டுதான்! டாக்டர் கொடுத்தபோது பாவையை விரிக்கும் சொட்டும் சேர்ந்து வந்தது, அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள், அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். தானாக விட்டுக்கொண்டால் சிவப்பு மறையும், உள்ளே நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண்புரையும், வலிக்காமல் பார்வை நரம்பைத் தின்னும் குளூக்கோமாவும் வரலாம். முழங்கைக்குக் கொடுத்த களிம்பை இமையில் தடவுகிற புத்திசாலிகளுக்கும் இதே கதிதான். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்.

தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. குரோம் பட்டுக் கையில் கரப்பான் வந்தவர்கள் அதே கையால் கண்ணைக் கசக்கினால் இமை வீங்கிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே கரப்பான் உள்ளவர்கள் வருஷக்கணக்காகக் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளலாம். கண்ணாடி பவர் அடிக்கடி மாறினால் கடைக்காரரைத் திட்டாதீர்கள், கருவிழியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பொடுகு இமை முடியில் உட்கார்ந்தவர்களுக்கு வெந்நீர் ஒத்தடமும் சுத்தமுமே பாதி வைத்தியம்.

வேலூர் ஆரணி ரோடு ஷெல் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பக்கத்து ஊர் கண் டாக்டரிடம் போனாலும் சரி, தோல் டாக்டர் எழுதின சீட்டையும் தடவுகிற களிம்பு ட்யூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ட்யூப் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் மேல் இருக்கும் பெயர் போதும்.